குரு பார்த்தால்தானே கோடி நன்மை?

ஜூன் பிறந்துவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு யோகா ஜுரம் கண்டுவிடும். மொட்டை மாடியில் ஷாமியானா, வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழ், சாயங்காலம் ஒரு பட்டிமன்றம்: 'யோகா கற்கச் சிறந்த வழி வீட்டிலேயே பழகுவதா, ஆசிரியரிடம் பயில்வதா?' வீட்டு அணித் தலைவி எழுந்து ஏகலைவனைத் துணைக்கு அழைப்பார். எதிரணித் தலைவர் எழுந்து 'குரு பார்க்க கோடி நன்மை' என்று முழங்கிக் கைத்தட்டல் வாங்குவார். நடுவர் இரண்டு பக்கமும் சிரித்துவிட்டு, 'ஆசிரியரிடம் தொடங்கி வீட்டில் தொடர்வதே நன்று' என்று தீர்ப்பளிப்பார். பொன்னாடை, போண்டா, காபி.

ஏகலைவன் கதையை அந்த மேடையில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. துரோணர் அவனுக்கு ஒருநாள்கூடப் பாடம் எடுக்கவில்லை. ஒரே ஒருமுறை வந்தார், அதுவும் ஃபீஸ் வாங்க. இன்றைய யோகா வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலபுராணம் கிடைக்காது.

எனக்கு அந்தத் தலைப்பின் மேலேயே கோபம். ஆசிரியர் என்றொருவர் அங்கே நிற்கிறார், அவரிடம் போவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி என்பதுபோல் பேசுகிறார்கள். எங்கே நிற்கிறார்? யோகா வாத்தியார் என்றால் எதிரில் இருக்கும் உடம்பைப் பார்க்கிறவர். இந்த அம்மாளுக்கு முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது, அந்த ஐயாவுக்குக் குனியும்போது மூச்சு திக்குகிறது, இந்தப் பெண் வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணை மட்டும் கழற்றி வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் விற்கிறார்கள்: மேட், டி-ஷர்ட், செம்புத் தண்ணீர் பாட்டில், ஊதுபத்தி, புல்லாங்குழல் இசை, சான்றிதழ்.

பொதுமேடையிலிருந்தே தொடங்குவோம். 2015 ஜூன் 21, முதல் சர்வதேச யோகா தினம். டெல்லி ராஜபாதையில் 35,985 பேர். 2018இல் ராஜஸ்தானின் கோட்டாவில் 1,00,984 பேர். பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துக் கோச்சிங் கொடுப்பதில் இந்தியாவிலேயே பேர்போன ஊர் அது, பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2023இல் சூரத்தில் 1,47,952 பேர். இவையெல்லாம் கின்னஸ் ஏட்டில் எந்தத் தலைப்பில் ஏறியிருக்கின்றன தெரியுமா? 'உலகின் மிகப் பெரிய யோகா பாடம்'. பாடமாம்! ஒன்றரை லட்சம் மாணவர்களுக்கு ஒரு மேடை. அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருந்தால் தலையங்கம் எழுதுகிற நாடு இதற்கு உலக சாதனைப் பட்டயம் வாங்கி மாட்டிக்கொள்கிறது. கடைசி வரிசையில் திரிகோணாசனத்தில் சாய்ந்துகொண்டிருக்கும் ஆளின் இடுப்பு மேடைக்குத் தெரியாது. ட்ரோனுக்குத் தெரியும். ட்ரோனுக்காகத்தான் அவர் குனிந்ததே.

ஆண்டுதோறும் மைதானத்துக்கு வா என்று கூப்பிட்டவர்கள், 2020இல் கொரோனா வந்ததும் 'வீட்டிலேயே யோகா, குடும்பத்தோடு யோகா' என்று முழக்கத்தை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அதற்கென ஒரு செயலியும் வந்தது. நோய்க்காலத்தில் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள், நியாயம்தான். நான் கவனித்தது வேறு. மைதானத்திலிருந்து கூடத்துக்கு மாறியதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. அங்கேயும் யாரும் பார்க்கவில்லை, இங்கேயும் யாரும் பார்க்கவில்லை. பாடம் ஒரு துளி குறையாமல் அப்படியே வந்து சேர்ந்தது.

இந்தக் குட்டை இந்தியாவில் உடைத்தவர்கள் யோகிகள் இல்லை, வரி வசூலிக்கிறவர்கள். பதஞ்சலி யோகபீட அறக்கட்டளை நடத்திய முகாம்களுக்குச் சேவை வரி கட்ட வேண்டுமா என்று ஒரு வழக்கு. 2006 அக்டோபர் முதல் 2011 மார்ச் வரையிலான கணக்கு, நாலரைக் கோடி ரூபாய். நாங்கள் வாங்கியது நன்கொடை, செய்தது நோய் தீர்க்கும் பணி என்றது அறக்கட்டளை. தீர்ப்பாயம் கூர்ந்து பார்த்தது. நுழைவுச்சீட்டு பல விலைகளில் இருந்தது. விலைக்குத் தக்க சலுகை. கூட்டம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒரே அறிவுரை. தனி ஆளின் நோயை ஆராய்ந்து எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்றுகூட இல்லை. பிறகென்ன மருத்துவம், வரியைக் கட்டு என்றார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வியர்வை சொட்டச்சொட்டக் கபாலபாதி செய்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு உறைக்காத விஷயம் ஃபைல் புரட்டியவர்களுக்கு உறைத்திருக்கிறது: இங்கே உன்னை யாரும் பார்க்கவில்லை.

வரிக்காரர்களின் ஞானம் அதோடு நிற்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த சேவைகளின் பட்டியலில் சலூன், ஜிம், யோகா நிலையம் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முடிவெட்டும் முக்தியும் ஒரே அட்டவணை. மேடையில் ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று பேசுகிற அரசுதான் அட்டவணையையும் போட்டது.

திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக்குக் கணக்கு வைத்தார்: உள்ளே இழுக்கப் பதினாறு, நிறுத்த அறுபத்து நான்கு, விட முப்பத்திரண்டு. நம் ஆட்கள் மூச்சுக்கு மீட்டர் வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணி பேட்ச் ஒரு கட்டணம், ஏழு மணி பேட்ச் ஒரு கட்டணம், ஆன்லைன் தனி, 'பிரசவ கால ஸ்பெஷல்' தனி. ஒரு பேட்சில் முப்பது பேர். மாஸ்டர் முன்னால் தன் மேட்டில் தானே ஆசனம் போட்டுக்கொண்டு, தன் உடம்பைத்தானே கண்ணாடியில் ரசித்துக்கொண்டு, 'இன்ஹேல்... எக்ஸ்ஹேல்... பியூட்டிஃபுல்' என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கண்ணாடியைச் சொல்கிறார்.

இவர் எப்படி மாஸ்டரானார்? அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஒரு சங்கம் இருநூறு மணி நேரம் என்று ஒரு அளவு வைத்தது. அதை ரிஷிகேஷில் ஒரே மாதத்துக்குள் முடித்துக்கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்தியர் இந்தியாவில் இந்திய யோகத்தைக் கற்று அமெரிக்கச் சங்கத்தின் முத்திரையோடு வந்து அண்ணாநகரில் போர்டு மாட்டுகிறார். நம் அரசும் 2018இல் யோகா சான்றளிப்பு வாரியம் அமைத்தது. விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், வாங்காமலும் கடை திறக்கலாம். 2020இல் இந்திய மருத்துவ முறைகளுக்குத் தேசிய ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா எல்லாம் உள்ளே. உலகம் முழுக்க நாம் தம்பட்டம் அடித்த யோகா மட்டும் வெளியே. ஸ்கூட்டி ஓட்ட ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போட வேண்டும். ஐம்பது வயதுப் பெண்ணின் முதுகெலும்பை எட்டாக முறுக்க எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம்.

அதனால் என்ன, மூச்சு விடுவதில் ஆபத்து உண்டா என்பவர்களுக்கு: 1971இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு குறிப்பு வந்தது. மணிக்கணக்காக வஜ்ராசனத்தில் உட்கார்ந்த கல்லூரி மாணவருக்கு நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போனது. 'யோகா பாதத் தொய்வு' என்றே பெயர் வைத்தார்கள். சாப்பிட்டதும் வஜ்ராசனத்தில் உட்காருங்கள் என்று நம் ஊரில் கல்யாணப் பந்தி வரைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரிட்சி ரஸ்ஸல் என்ற நரம்பியல் மருத்துவர், கழுத்தை எல்லை மீறி வளைத்தால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி என்ன பாடுபடும் என்று எச்சரித்தார். அதற்கடுத்த ஆண்டு, சக்கராசனத்தில் பின்னால் வளைந்த 28 வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம் வந்ததை அமெரிக்க மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் செய்கிறவர்களின் கண்ணை அளந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள்: தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கண்ணழுத்த நோய் இருப்பவருக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசியுங்கள். அந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, இருப்பதே தெரியாது. 'உங்கள் வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா உண்டா?' என்று சேரும்போது கேட்ட ஒரு யோகா வகுப்பைக் காட்டுங்கள். படிவத்தில் பெயர் கேட்பார்கள், வாட்ஸ்அப் எண் கேட்பார்கள், டி-ஷர்ட் சைஸ் கேட்பார்கள். ரத்த அழுத்தம், டிஸ்க், சிசேரியன் தழும்பு ஆறியதா என்றெல்லாம் கேட்டால் சேர வந்தவர் பயந்து திரும்பிப் போய்விடுவார், மாதக் கட்டணம் போய்விடும்.

யோகா கெடுதல் என்று நான் சொல்வதாகத் திரித்துவிட வேண்டாம். ஒழுங்காகச் செய்தவர்களின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன், தூக்கம் திரும்பியதைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எரிகிறது. நல்ல மருந்தை அளவு பார்க்காமல் வாளியில் மொண்டு ஊற்றுகிறவர்களைப் பார்த்து வருகிற எரிச்சல் இது.

அடிபட்ட பிறகு நடப்பது அதைவிட அசிங்கம். முட்டியைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்ணிடம் மாஸ்டர் சொல்கிறார்: 'மூச்சை ஒழுங்கா விட்டிருக்க மாட்டீங்க மேடம்.' இன்னும் வலிக்கிறது என்றால், 'டாக்ஸின் வெளியே போகுது, அப்படித்தான் இருக்கும்.' அப்புறமும் வலிக்கிறது என்றால் பிரம்மாஸ்திரம்: 'உங்க ஈகோதான் ரெசிஸ்ட் பண்ணுது.' சவ்வு கிழிந்தது ஈகோவாம்! எலும்பு டாக்டரிடம் எம்.ஆர்.ஐ.க்கு வரிசையில் நிற்கிற ஈகோக்களை எண்ணிப் பாருங்கள், நகரத்தில் பாதி ஞானம் அங்கேதான் காத்திருக்கிறது. ஓட்டலில் சட்னி ஊசிப்போனால் ஓனரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிற ஜனம், தன் முதுகு போனதற்குத் தானே பாவம் செய்தவர்போல் தலைகுனிந்து வருகிறது. வாடிக்கையாளரைக் குற்றவாளியாக்கும் இந்த வித்தைக்கு எந்த ஆசனத்திலும் ஈடில்லை.

ஆசிரியர் கிட்டே வந்து தொட்டுத் திருத்தினால் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு நரகம் இருக்கிறது. மைசூரின் பட்டாபி ஜோய்ஸை உலகமே குருஜி என்று கும்பிட்டது. நிலையைத் திருத்துகிறேன் என்று அவர் தங்களை எப்படித் தொட்டார் என்று மாணவிகள் வெளிப்படையாகச் சொன்னது 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகத்தின் காதில் விழுந்தது. 2019இல் அவருடைய பேரனே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கொல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போய்ச் சூடான அறையில் யோகா விற்ற பிக்ரம் சௌத்ரி, தன் 26 ஆசன வரிசைக்குக் காப்புரிமை கோரினார்; கிடையாது என்றது 2015இல் நீதிமன்றம். அடுத்த ஆண்டு, பாலியல் தொந்தரவு வழக்கில் தன் முன்னாள் சட்ட ஆலோசகருக்கு 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி சொன்னது. அவர் கொடுக்காமல் நாட்டை விட்டே போனார், 2017இல் பிடிவாரண்டு பிறந்தது. பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமல், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறவர்களை என்னவென்று சொல்வது! 'ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும்' என்று மேடையில் முழங்கும் ஆண்கள், பெண்கள் பலர் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு யூடியூபைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

சரி, அந்தச் சாத்திய கதவுக்குள் போவோம். 'ஏழே நாளில் தொப்பை கரைய ஒரே ஆசனம்' என்று ஒரு வீடியோ. அதில் வருகிற பெண்ணுக்குத் தொப்பை எந்த ஜென்மத்திலும் இருந்ததில்லை. அதுதான் அவருடைய தகுதி. ஹலாசனத்தில் இரண்டு காலும் தலைக்குப் பின்னால் போன நேரத்தில், அடுத்து என்ன சொல்கிறார் என்று பார்க்க போன் பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. உடம்பின் பாரமெல்லாம் தோளிலும் கழுத்திலும் இறங்கியிருக்கும்போது செய்யவே கூடாத காரியம் அந்தத் திருப்பல்தான். அதைச் செய்யாமல் பாடம் படிக்க வழியில்லை. சரியாக அந்த நொடியில் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் வரும். வியாபாரம் என்றால் அது.

அதுவும் யாருடைய வீடு? ஐயா செய்தால் அது தவம்: ஃபேனை நிறுத்து, டி.வி.யைக் குறை, பிள்ளையை அந்தப் பக்கம் கூட்டிப்போ. அம்மா செய்தால் அது இடைவேளை. மூன்றாவது விசிலுக்கும் நாலாவது விசிலுக்கும் நடுவில் ஒரு பவன முக்தாசனம். சவாசனத்தில் படுத்தால், 'உடம்புக்கு முடியலையாம்மா, அப்ப காபி யாரு போடுறது?' என்று மாமியார் குரல். ஹடயோகப் பிரதீபிகை பயிற்சி இடத்துக்கு இலக்கணம் சொல்கிறது: சின்னக் குடில், சின்ன வாசல், சாணம் மெழுகிய தரை, சுற்றிலும் ஒரு வில் தூரத்துக்குக் கல், நெருப்பு, நீர் ஆகிய தொல்லைகள் இல்லாத தனிமை. அதோடு நாட்டில் நல்லாட்சி நடக்க வேண்டும், பிச்சை எளிதாகக் கிடைக்க வேண்டும். வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டுக்காரர்கள் இந்தப் பட்டியலை நிதானமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மேட் விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரிஷிகேஷில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவி உலகத்துக்கு யோகம் அனுப்பிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில். பாய்க்குப் பேர்போன அதே பத்தமடை, புவிசார் குறியீடு வாங்கிய கோரைப்பாய். அந்த ஊர்க்காரர் பேரைச் சொல்லி வகுப்பு நடத்துகிற இடத்தில் தரையில் கிடப்பது சீனத்து ரப்பர் ஷீட், ஆறு மில்லிமீட்டர்.

பார்க்கிற வாத்தியார் இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. மைசூர் அரண்மனையில் சிறுவர்களைத் தாவவும் துள்ளவும் வைத்த கிருஷ்ணமாச்சாரியார், சென்னைக்கு வந்து நூறு வயதைத் தொட்ட காலம் வரை வலியுறுத்தியது ஆளுக்கேற்ற பயிற்சியைத்தான். ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார்ந்து கற்கும் அந்த முறையில்தான் அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தை பெயரில் 'யோக மந்திரம்' என்ற பள்ளியைத் தொடங்கினார். கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் வளையாத உடம்புக்குக் கயிறும் கட்டையும் போர்வையும் கொடுத்தார். 1966இல் அவர் எழுதிய புத்தகத்தை வைத்து வீட்டிலேயே பழகியவர்கள் உலகெங்கும் உண்டு. வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியைச் சிற்றூர் மன்றங்களில் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சிலர் இன்றும் வரிசை வரிசையாக நடந்து போய், பாட்டியின் கையை எவ்வளவு தூக்கலாம் என்று பாட்டியையே கேட்கிறார்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. பயிற்சி மருத்துவத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு யோகாவும் இயற்கை மருத்துவமும் படித்தவர்களை இந்த மாநிலமே உருவாக்குகிறது. அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு டாக்டரம்மா உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்த்து, 'உங்களுக்குச் சிரசாசனம் வேண்டாம், இந்த மூன்று போதும்' என்று காசு வாங்காமல் சொல்கிறார். அந்த அறைக்கு வழிகாட்டும் பலகை மருந்து அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும். ஜூன் 21 அன்று மந்திரிக்கு மேட் விரிக்க மட்டும் அவரைக் கூப்பிடுவார்கள். ஐந்தரை ஆண்டு படித்தவர் கீழே தரையில், இருபத்தைந்து நாள் படித்தவர் மேடையில் ஹெட்செட்டோடு.

அடுத்த முறை டெமோ கிளாஸுக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர்? எனக்கு எந்த ஆசனம் கூடாது? எனக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? மூன்றாவதுக்கு வரும்போது அவர் முகத்திலிருந்த சாந்தம் என்ன ஆகிறது என்று பாருங்கள். 'நெகடிவ் எனர்ஜியோட வராதீங்க' என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு, கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மாட்டார்கள். ரசீதில் 'நன்கொடை' என்று அச்சடித்திருக்கும்.